எந்தப் படத்தில் வரும் அந்த மெட்டு

படங்களின் பெயர் எனக்கு நிற்காது.
முகங்களும் அப்படித்தான்,
ஒருவர் தாடியை எடுத்துவிட்டால் போச்சு.
மெட்டு மட்டும் ஒட்டிக்கொள்ளும்
கம்பளிக் காலுறையில் பனி ஒட்டுவதுபோல.

கோட்கா நகரில் பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறேன்.
இரண்டு மணிக்குத் துறைமுகச் சாலை,
நாலு மணிக்குள் ஆஸ்பத்திரி மேடு,
பின்னால் உப்பு சிதறிக்கொண்டே வரும்.
செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு.
செவ்வாய்க்கிழமை டிக்கெட்டும் பாதி விலை.
என் கலைரசனையின் வரலாறு இவ்வளவுதான்.

அறுபத்திரண்டு நாற்காலி உள்ள தியேட்டர்.
அர்மாஸ்தான் டிக்கெட் கிழிப்பார்,
பிறகு மாடியேறி
அவரே படத்தையும் ஓட்டுவார்.
ஏழாம் வரிசையில் கிறீச்சிடும் நாற்காலி என்னுடையது,
வேறு யாரும் கேட்பதில்லை.

அங்கே உட்கார்ந்து நான் கண்டுகொண்டது:
வயலின்களுக்குப் பொறுமை கிடையாது.
அவள் கடிதத்தைப் பிரிப்பதற்குள்
அழு, அழு என்று என் தோளை உலுக்குகின்றன.
இரும்மா,
என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?
கொலைகாரன் வருவதைச்
செல்லோ எனக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது,
கடைசி வரிசையில் தூங்குகிறவருக்கும்கூட.
அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்பதில்லை.
பாவம், முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறாள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, சரி.
ஆனால் உப்பு கொட்டுவது என் தொழில்.
ஒரு கை கூடிப்போனால்
வசந்தத்தில் சாலையோர பிர்ச் மரங்கள்
ஒரு பக்கம் மட்டும் கருகி நிற்பதை
நானல்லவா பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு படம்.
படகுக்காரன் ஒருவன், பத்து வருஷம் கழித்து
தம்பியைக் கரையில் பார்க்கிறான்.
பேச்சு இல்லை.
இவன் கயிற்றை எறிகிறான்,
அவன் பிடித்துக் கட்டுகிறான்.
அங்கே ஒரு மெட்டு:
ஐந்து சுரம் இறங்கி, ஒன்று தயங்கி,
பிறகு ஏறும்.

மூன்று வாரம் அதை முனகிக்கொண்டே ஓட்டினேன்.
ரேடியோ பொத்தான் பனிக்கையுறையில் அழுந்தியிருக்க
ரயில் பாலத்துப் பக்கமிருந்து துவோவி கேட்டாள்:
அது நாய் வளர்க்கும் போலீஸ்காரன் படமாச்சே.
இல்லை, படகுக்காரன் படம்.
நாய்.
படகு.
பந்தயம் ஒரு பை உப்பு அதிமதுர மிட்டாய்.

கடைசிக் காட்சிக்கு மறுபடி காசு கொடுத்துப் போனேன்,
அதுவும் வியாழக்கிழமை, முழு விலை.
தம்பி வந்தான். கயிறு பறந்தது.
மரத்தில் தண்ணீர் மோதும் சத்தம்.
நான் முன்னால் சாய
என் நாற்காலி கிறீச்சிட்டது.
வேறெதுவும் இல்லை.

மெட்டை வெட்டிவிட்டீர்களா என்று
அர்மாஸிடம் கோபமாகவே கேட்டேன்.
துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னார்:
முதல் நாளிலிருந்து அந்த இடம் அப்படித்தான்.
இசைக்காரர் அங்கே கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?
துவோவி யோசித்தாள்.
உனக்குத் தம்பி யாராவது?
தம்பி இல்லை.
சண்டை போட்டுப் பிரிய
நாய்கூட இல்லை எனக்கு.
நாய்ப் படத்திலும் அது இல்லையாம்,
அவளும் போய்ப் பார்த்துவிட்டாள்.
மிட்டாயை ஆளுக்குப் பாதி தின்றோம்,
நாக்கு கறுக்க.

நேற்று இரவு நல்ல பனி.
ரேடியோவில் துவோவி முனகுவது கேட்டது,
பொத்தான் அழுந்தியிருப்பது தெரியாமல்.
ஐந்து சுரம் சரியாக இறங்கினாள்,
தயங்கினாள்,
ஏறவில்லை. இன்னும் கீழே போய்விட்டாள்.
அங்கே ஏற வேண்டும் என்று சொல்ல
முனகல் நின்றதும் என் பொத்தானை அழுத்தினேன்.
என்ன, என்றாள்.
மேட்டில் வழுக்குகிறது,
பார்த்து வா, என்றேன்.